தலைதீபாவளிக்கு ஒருசாண் அண்ணன் எடுத்த துப்பாக்கி

பிள்ளைகளே, குறி தவறாமல் அடிக்கிறவர்களைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். குறி தவறி அடிப்பதில் உலகத்திலேயே பெரிய ஆள் எங்கள் செந்துறையில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவரைப் போலத் தவறவிட இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். தெருவில் அவருக்குப் பெயர் ஒருசாண். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

பெயர் வந்த காரணம் மயில். எங்கள் பக்கம் மானாவாரி பூமி. மழையை நம்பி மக்காச்சோளமும் கடலையும் போடுவோம். விதை போட்ட மறுநாள் காலையில் மயில்கள் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடும். மயில் அழகுதான், புத்தகத்தில். கடலைக் காட்டில் அது மண்ணைக் கிளறி விதையைப் பொறுக்கும்போது அழகு தெரியாது. அடிக்கவும் முடியாது. முருகன் ஏறிப் போகிற வாகனம். அதோடு, அடித்தால் வனத்துறை ஜீப் வாசலில் வந்து நிற்கும்.

அண்ணன் கையில் எப்போதும் ஓர் உண்டிவில் இருக்கும். களிமண்ணை உருட்டி வெயிலில் காயவைத்த உருண்டைகள் மடியில் இருக்கும். "ஹோய்" என்று ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே விடுவார். உருண்டை போய் மயிலின் வாலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி விழும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பாருங்கள், அதுதான் ஒரு சாண். அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மயில் ஒரு துள்ளு துள்ளி, அவமானப்பட்ட பெரிய மனிதரைப் போல நடந்து பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

மயிலுக்கு மட்டும் இல்லை, காக்கை, குரங்கு, நாய் எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். ஒருமுறை கொடியில் காய்ந்த அவருடைய புது வேட்டியை ஒரு ஆடு பாதி தின்றுவிட்டு மீதியை மென்றுகொண்டு நின்றது. அந்த ஆட்டுக்கும் ஒரு சாண் தள்ளித்தான் விட்டார்.

திருவிழாவில் பலூன் சுடுகிற கடைக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினோம். துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அது பாட்டுக்குத் தொங்குது. அது என்னப்பா பண்ணுச்சு நம்மள?"

அதனால், அவர் நிஜமாகவே ஒன்றை அடிக்க நினைத்தால் அடிப்பாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்ன ஒரே ஆள் அவர் மகள் தேன்மொழி. "எங்கப்பா நெனச்ச எடத்துல போய் விழும். அவரு அடிக்கணும்னு நெனச்சதில்ல, அவ்வளவுதான்" என்று பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்துக் கல்லூரி வரைக்கும் சொன்னாள். கல்யாணமாகித் திருச்சிக்குப் போனவள் அங்கேயும் சொன்னாள். வினை அங்கேதான் வந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் வங்கியில் வேலை செய்கிறார். பனைமர உயரம். பேச்சு மட்டும் தரையோடு தரையாக இருக்கும். நமக்கு வணக்கம் சொன்னால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரோ என்று தோன்றும். அப்படிப்பட்டவருக்கு ஒரு விசித்திரமான ஆசை, களிமண் தட்டு சுடுவது. ஒரு குழிக்குள் இயந்திரம் வைத்திருப்பார்கள். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் அது சின்னத் தட்டு ஒன்றை ஆகாயத்தில் வீசும். கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒலிம்பிக்கிலேயே உள்ள விளையாட்டு. ஒரு வருடமாக அவர் கிளப் துப்பாக்கியில் பழகிக்கொண்டிருந்தார். விசாரணை எல்லாம் முடிந்து அவர் பெயரில் லைசென்ஸ் வந்துவிட்டது. முதல் துப்பாக்கி எடுக்க வேண்டும்.

"எங்கப்பாவக் கேக்காம எடுக்காதீங்க" என்றாள் தேன்மொழி.

அவளுடைய மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் கறார். செந்துறைச் சம்பந்தம் என்றாலே அவருக்கு முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழும். "குறி பாக்கத் தெரிஞ்சவருன்னு வந்த நாள்லேருந்து சொல்ற. வரட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டார்.

தேன்மொழி இதைப் போனில் சொன்னதும் அண்ணன் தெருவுக்கே வந்து அறிவித்தார். "ஊரு உலகத்துல தலதீபாவளிக்கு மோதிரம் போடுவாங்க. நான் மாப்ளைக்குத் துப்பாக்கி எடுக்கறேன். நானே பாத்து எடுக்கறேன்." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, ஞாயித்துக்கெழம ஒன் வண்டி வரணும்" என்றார். நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். இந்தக் கதைக்குள் நான் வந்தது அப்படித்தான்.

காரில் ஏறும்போது அவர் மடியில் ஒரு தாம்பாளத் தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ் எல்லாம் இருந்தன. மகளைத் தலைகுனிய வைத்துவிடக் கூடாது என்கிற பயம் முகத்தில் இருந்தது. அரியலூர் தாண்டும்வரை, சிமென்ட் லாரிகளைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை.

பெரம்பலூரில் நாலுவழிச் சாலை ஓரம் டீ குடிக்க நிறுத்தினேன். நல்ல கூட்டம். டீ போடுகிறவர் ஒரு பேச்சுக்கு, "எதுவரைக்கும் போறீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் குரல் மயிலிடம் பேசிப் பழகிய குரல். ஒரு காடு தள்ளிக் கேட்கும். "திருச்சிக்குங்க. துப்பாக்கி எடுக்கப் போறோம்."

டீ ஆற்றிய கை அப்படியே நின்றது. பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ஓரமாக வடை தின்றுகொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் வடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"என்ன எடுக்கப் போறீங்க?"

"துப்பாக்கிங்க."

"எதுக்கு?"

"தலதீபாவளிக்குங்க."

"பொட்டுவெடித் துப்பாக்கியா?"

"அது சின்னப் புள்ளைங்களுக்குங்க. இது மாப்ளைக்கு. ரெட்டக்குழலு."

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, லைசென்ஸைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதைக் காட்டி, விளக்கி முடிப்பதற்குள் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. சுற்றிலும் இருந்தவர்கள் எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். போலீஸ்காரர் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "எம் மாமனாரு எனக்கு வாட்ச்தான் வாங்கிக் குடுத்தாரு. அதுவும் ஓடல" என்று சொல்லிவிட்டு வடைக்குத் திரும்பினார்.

திருச்சியில் ஆயுதக் கடை நகைக்கடை போல அமைதியாக இருந்தது. கண்ணாடிக்குள் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் வயதான பாய், குரலை உயர்த்தவே தெரியாதவர். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, தேன்மொழி மூவரும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மொதத் துப்பாக்கியா? மாஷா அல்லா" என்றார் பாய். "செருப்பு மாதிரிதாங்க இது. அடுத்தவங்களுக்குச் சரியா இருக்கறது நமக்குக் கடிக்கும். பாத்து எடுக்கணும்."

"அது கெடக்கட்டும் பாய். சத்தம் எப்பிடி?" என்றார் அண்ணன்.

"சத்தமா?"

"சத்தம் பெருசா இருக்கணும். சத்தம் நல்லா இருந்தா பாதி வேல முடிஞ்சுச்சு."

"தட்டுக்குக் காது இல்லீங்களே."

தேன்மொழி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாய் இரண்டு விதம் எடுத்துக் காட்டினார். ஒன்றில் இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்னொன்றில் ஒன்றன் மேல் ஒன்று. "தட்டு சுடுறவங்க பெரும்பாலும் மேல கீழ இருக்கறதத்தான் எடுப்பாங்க. கண்ணுக்கு ஒத்தக் கோடாத் தெரியும்."

அண்ணனுக்கு இது ஏற்கவில்லை. "ஏர்ல ரெண்டு மாட்டப் பூட்டுனா பக்கத்துல பக்கத்துலதான பூட்டுவோம்? ஒண்ணு மேல ஒண்ண ஏத்தியா பூட்டுவோம்?"

"இது உழுவறதுக்கு இல்லீங்க."

அண்ணன் அரைமனதாகத் தலையாட்ட, மேல்-கீழ் என்று முடிவாயிற்று. அடுத்து, தூக்கிப் பார்த்து, நகர்கிற பொருளைத் தொடர்ந்து குழல் சுலபமாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். காலியான துப்பாக்கிதான், ஆனாலும் ஆள் பக்கம் திருப்பவே கூடாது, சுவரைப் பார்த்து மட்டும் பிடியுங்கள் என்று பாய் படித்துப் படித்துச் சொன்னார். பிள்ளைகளே, பொம்மைத் துப்பாக்கியாக இருந்தாலும் இதை நீங்கள் மறக்கக் கூடாது.

அண்ணன் சுவரைப் பார்த்துத்தான் பிடித்தார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. பல்லி நகர்ந்தது. குழலும் நகர்ந்தது. பல்லி கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டு, மெக்கா படத்தைத் தாண்டி, சம்பந்தி உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பியது. பாய் அவ்வளவு வயதிலும் ஒரே எட்டில் வந்து குழலைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பினார். பல்லி தப்பி ஓடியதும் அண்ணன் பழக்கதோஷத்தில், "ஹோய்" என்றார்.

கண்ணாடிகள் அதிர்ந்தன. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தேன்மொழியின் முகம் செவசெவ என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி நின்று தினசரி நாள்காட்டியைப் படித்தேன். அன்றைய ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"சரி, இப்ப அளவு" என்றார் பாய் பொறுமையாக. "அடிக்கட்டைய முழங்கை மடிப்புல வைக்கணும். விரல நீட்டுனா குதிரைல போய் பதமா விழணும்." குதிரை என்பது விரலால் அழுத்துகிற விசை. "தம்பி, நீங்க வாங்க."

மாப்பிள்ளை பாதி எழுந்தார். அண்ணன் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"மாப்ள, நீங்க உக்காருங்க. பாய், மாப்ளைய நிக்க வச்சுக் கையப் புடிச்சு அளவெடுக்கறதா? எங்க பக்கம் அந்தப் பழக்கம் கெடயாதுங்க."

அது உண்மைதான். தலைதீபாவளி மோதிரத்துக்குக்கூட எங்கள் பக்கம் மாப்பிள்ளையிடம் விரலைக் கேட்க மாட்டார்கள். அவர் தூங்கும்போது பெண் விரலில் நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

"மோதிரத்துக்கு நூல் இருக்குங்க. துப்பாக்கிக்கு என்ன பண்றது?" என்றார் பாய்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று அண்ணன் தன் முழங்கையை மடக்கி நீட்டினார்.

அண்ணன் என் தோள் உயரம். நானே மாப்பிள்ளையின் தோள் உயரம். ஒவ்வொரு துப்பாக்கியாக அண்ணன் முழங்கையில் ஏறி இறங்கியது. கடைசியில் அடிக்கட்டை குட்டையான ஒன்று வந்தது. விரல் குதிரையில் போய்ச் சிவனே என்று உட்கார்ந்தது. தோளில் வைத்தால் அவருடைய உடம்பிலேயே முளைத்தது போல இருந்தது.

"கச்சிதம்" என்றார் அண்ணன்.

"ஒங்களுக்குக் கச்சிதந்தாங்க. சுடப்போறது அவங்களாச்சே?"

"ஒரே குடும்பந்தான பாய்."

மாப்பிள்ளை அதை வாங்கிப் பிடித்தார். அந்த நீளக் கைகளில் அது புல்லாங்குழல் போல இருந்தது. "எப்பிடி மாப்ள?" என்று அண்ணன் அண்ணாந்து பார்த்துக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து எந்த மாப்பிள்ளைதான் உண்மையைச் சொல்வான்?

"நல்லா இருக்கு மாமா."

பாய் உதவிக்குச் சம்பந்தியைப் பார்த்தார். அவர், "பொண்ணு வூட்டுக்காரங்க பிரியப்பட்டுச் செய்றாங்க. நான் தலையிடல" என்று சொல்லிவிட்டார். "யா அல்லா" என்று பாய் மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். "லைசென்ஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடி மத்தியானம் ரேஞ்சுல ஒருதடவ சுட்டுப் பாத்துருங்க. நானே கொண்டாரேன். அங்க தெரிஞ்சிரும், இன்ஷா அல்லா."

சுடுகிற இடம் ஊருக்கு வெளியே பொட்டல் நிலத்தில் இருந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க அண்ணன் தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன் மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்து, குழலுக்குக் குங்குமம் வைத்து, கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் நீட்டினார். ஒரு தொப்பிக்காரர் அதைப் போனில் படம் பிடித்தார். மாப்பிள்ளை குனிந்து வாங்கிக்கொண்டார். வாழைப்பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். நான் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று யோசித்தேன்.

அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை அண்ணன் எடுத்துப் பார்த்தார். ஆரஞ்சு நிறம், ஊறுகாய்த் தட்டு அளவு. பெயர்தான் களிமண் தட்டு, செய்வது சுண்ணாம்புக்கல் பொடியும் தாரும் கலந்து என்று பாய் சொன்னார்.

"சுண்ணாம்புக்கல்லா? அப்ப எங்கூருக் கல்லாத்தான் இருக்கும்" என்று அண்ணன் தட்டைத் தடவிக் கொடுத்தார். "பாவம், எவ்வளவு தூரம் வந்து அடி வாங்குது."

அங்கே இன்னொரு சங்கடமும் நடந்தது. இயந்திரத்துக்குக் குரல் கேட்டால் போதும், தட்டை வீசிவிடும். யாரோ ஒரு தொப்பிக்காரர் தயாராகிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு காக்கை பறந்தது. அண்ணன், "ஹோய்" என்றார். தட்டு பறந்தது. தொப்பிக்காரர் திடுக்கிட்டார். "சாரிங்க" என்று அண்ணன் சத்தமாகச் சொன்னார். இன்னொரு தட்டு பறந்தது. பொறுப்பாளர் வந்து, அண்ணனை இருபதடி பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். தேன்மொழி தலையைக் குனிந்தவள் நிமிரவில்லை.

மாப்பிள்ளையின் முறை வந்தது. குட்டைக் கட்டையைத் தோளில் வைத்ததும் அவர் பாதியாக மடிந்தார். குரல் கொடுத்தார். தட்டு பறந்தது, சுட்டார், தட்டு பத்திரமாகப் போய்த் தரையில் இறங்கியது. துப்பாக்கி பின்னால் உதைத்ததில் அவருடைய கட்டைவிரல் அவர் மூக்கிலேயே குத்தியது. அடுத்த தட்டும் பத்திரமாக இறங்கியது. மறுபடியும் மூக்கு. அதற்கடுத்ததும் அப்படியே. தோட்டா தீர்ந்தபோது மாப்பிள்ளையின் மூக்கு மிளகாய்ப்பழம் போலச் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. தொப்பிக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

"எனக்குத்தான் இன்னிக்குச் சரியா வரல. துப்பாக்கி நல்லா இருக்கு மாமா" என்றார் அந்த நல்ல மனிதர்.

சம்பந்தி விடவில்லை. "துப்பாக்கி நல்லா இருந்தா ஏன் வரல? எங்கப்பா எங்கப்பான்னு நீ வந்த நாள்லேருந்து காது குளிரக் கேட்டாச்சு. என்ன தேன்மொழி, இதுதான் குறி பாக்கத் தெரிஞ்சவரு எடுக்கற துப்பாக்கியா?"

தேன்மொழி நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மகளைப் பார்த்தார். பொறுப்பாளரிடம் போய், எனக்கே புதிதாக இருந்த சின்னக் குரலில், "நான் ஒருதடவ சுட்டுப் பாக்கலாமுங்களா?" என்றார்.

பொறுப்பாளர் பக்கத்திலேயே நின்று, காதுக்கு அடைப்பு வைத்து, கால் வைப்பது, கன்னம் வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்து, தோட்டாவை ஒவ்வொன்றாகத் தந்தார். அண்ணன் தோளில் அது போய் ஒட்டிக்கொண்டது. "ஹோய்" என்றார். தட்டு கிளம்பியது.

படார் என்று ஒரு சத்தம். ஆகாயத்தில் தட்டு இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி புகை மட்டும் இருந்தது.

தேன்மொழி சின்னப் பிள்ளை போலக் கைதட்டினாள். அண்ணன் வாய் பிளந்தபடி அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றை அடித்திருக்கிறார். "ஒடஞ்சிருச்சு" என்றார், யாரோ வீட்டுச் சாமானை உடைத்துவிட்டவர் போல.

அப்போது சம்பந்தி மகனைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தியா? துப்பாக்கில ஒரு கொறையும் இல்ல. ஒனக்குத்தான் கை வரல. ஒரு வருஷமாப் பழகறேன் பழகறேன்னு சொல்லி என்னத்தப் பழகுன? காட்டுல காக்கா வெரட்டுறவரு வந்து மொதத் தடவையே ஒடைக்கறாரு. நாலு பேரு முன்னால வெக்கமா இல்ல?"

தேன்மொழியின் கைதட்டல் பாதியில் நின்றது. மாப்பிள்ளை சிவந்த மூக்கோடு தரையைப் பார்த்தார். அவ்வளவு உயரமான மனிதர் அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை. தொப்பிக்காரர்கள் இப்போது சிரிக்கக்கூட இல்லை. அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் கழுவிவிட்டது போலப் போய்விட்டது. பொறுப்பாளர் அடுத்த தோட்டாவை நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"ஹோய்."

சத்தம் கேட்டது. தட்டு போய்க்கொண்டே இருந்தது. நான் அவரோடு எத்தனையோ நாள் காட்டில் உட்கார்ந்தவன். அவர் விட்டது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அடுத்த தட்டும் போனது. அதற்கடுத்ததும் போனது. கொடுத்த தோட்டா அத்தனையும் தீர்ந்தது. ஒரு தட்டுக்கும் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அண்ணன், "அடடா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். தொப்பிக்காரர்கள் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கடைசித் தோட்டாவுக்கு ஒருவர் வெளிப்படையாகவே சிரித்தார்.

அண்ணன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்பந்தியிடம் வந்து கை கூப்பினார்.

"மொதத் தட்டு ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்துச்சுங்க சம்பந்தி. காத்துலயே ஒடஞ்சிருச்சு. மாப்ள கைல ஒரு கொறையும் இல்லீங்க. துப்பாக்கிதான் சரியில்ல. நான் எடுத்தது தப்பு. காக்கா வெரட்டுறவனுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்? நீங்க தலையிட்டிருந்தா இப்பிடி ஆயிருக்காது."

சம்பந்திக்கு வேறு என்ன வேண்டும்? "அதான் நான் அப்பவே நெனச்சேன்" என்றார். நினைத்ததை அவர் அப்போது சொல்லவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

பாய் தன் வண்டிக்குப் போனார். இன்னொரு பெட்டியோடு வந்தார். மாப்பிள்ளையின் கையைக் கண்ணாலேயே அளந்து, நீளக் கட்டை உள்ள ஒன்றைக் காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார் மனிதர். "தம்பி, வாங்க, கைய மடக்குங்க" என்று எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளையை நிற்க வைத்து அளவெடுத்தார். அந்த நேரம் முழுக்க அண்ணன் மரியாதைக்காக முதுகைத் திருப்பிக்கொண்டு பொட்டலைப் பார்த்து நின்றார்.

புதுத் துப்பாக்கியில் மாப்பிள்ளை முதல் தட்டைத் தவறவிட்டார். இரண்டாவதை உடைத்தார். அதன் பிறகு உடைத்தவை நிறைய, விட்டவை கொஞ்சம். ஒவ்வொன்று உடையும்போதும் எல்லோரையும்விடச் சத்தமாக அண்ணன்தான் சந்தோஷப்பட்டார். அந்தச் சத்தத்துக்கு இயந்திரம் சும்மா இரண்டு தட்டை வீசியது. இந்தமுறை பொறுப்பாளரும் திட்டவில்லை.

கிளம்பும்போது தேன்மொழி கார்வரை வந்தாள். அண்ணன் கன்னத்தில் கரி ஒட்டியிருந்தது. முந்தானை நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்ப்பா, வாலுக்குப் பின்னால ஒரு சாண் விட்டதான?"

"தட்டுக்கு ஏதுடி வாலு?"

"மொதத் தட்டு?"

"அது வெடிப்பு விட்ட தட்டுன்னு சொன்னன்ல? போ, போ. மாப்ள மூக்குக்கு மஞ்சள அரைச்சுப் போடு."

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. சம்பந்தி தூரத்திலிருந்து, "பாத்துப் போங்க" என்றார். அன்றைக்கு அவர் அண்ணனிடம் நேராகச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் மடியிலிருந்த காலித் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊரில் போய் என்ன சொல்வது என்று யோசிக்கிறார், நாலு பேர் சிரித்ததை நினைத்துக் குன்றிப்போயிருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நாமாக ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, அரியலூர் தாண்டியதும் வாயைத் திறந்தேன்.

"விடுங்கண்ணே. சிரிச்சவங்க சிரிச்சுட்டுப் போறாங்க. தட்ட விட்டதுக்கெல்லாம் வெக்கப்படுவாங்களா?"

"தட்ட விட்டதுக்கு யாருப்பா வெக்கப்பட்டா?" என்றார். "அந்த மொதத் தட்ட ஒடச்சுட்டேன்ல, அதான். அந்தப் புள்ள மொகம் போன போக்கப் பாத்தியா? நாலு பேரு முன்னால மாப்ளைய அப்பிடி நிக்க வச்சுட்டேனே. புத்தி இல்லாம. மொதத் தட்டையும் விட்டிருக்கணும்."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், எட்டாவது படிக்கிறாள். அவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கமாக நான் இறங்காதவன், அன்றைக்கு இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.